பன்னிரண்டு பதில்கள்

அந்த ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். முதல் எட்டை யார் முன்னாலும் போட்டுக் காட்டுவேன். ஒன்பதாவது தொடங்கும்போது ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன். எல்லோருக்கும் பிடித்த பாட்டு அதுதான்.

நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஓராண்டு சவுண்டு கோர்ஸ் படித்து, கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சேர்ந்திருந்தேன். பக்திப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், கட்சிப் பாட்டு இவற்றில்தான் அந்த ஸ்டூடியோ ஓடியது. அங்கே ஒரு ரெகே பாடகர் வந்து சேர்ந்தார் என்றால் அதற்கு ஒரே காரணம், அவரும் நானும் ஒரே எஸ்டேட். நடுவட்டம் தாண்டி கூடலூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேடேறினால் எங்கள் லயம் வரும். ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள், வீட்டுக்கு ஒன்றரை அறை. நான் மூன்றாவது வீடு, அவர் ஒன்பதாவது.

அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் பச்சை இலை லாரி ஓட்டினார். அதற்கு முன் ஊட்டியில் டாக்ஸி ஓட்டியபோது, ஒரு வெள்ளைக்காரப் பயணி ஊருக்குத் திரும்புகிற அன்று ஒரு பை நிறைய கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனாராம். எல்லாம் ஜமைக்காவின் ரெகே பாட்டு. இவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அடிக்கடி காதில் விழுந்த மூன்று சொற்களுக்கு மட்டும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடிமை, கப்பல், தாய்நாடு. "மிச்சம் நமக்கே தெரிஞ்சதுதானே தங்கச்சி" என்பார்.

தெரிந்ததுதான். எங்கள் பாட்டன் காலத்து ஆட்களும் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு எங்களைத் திருப்பி அனுப்பின. திரும்பி வந்த இடத்தில் எங்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர். "அவங்க தாய்நாட்டுக்குப் போகணும்னு பாடுறாங்க. நாம வந்து பாத்துட்டுப் பாடுறோம்" என்று அண்ணன் மேடையில் சொல்வார். கூட்டம் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

குடியில்லை, கறியில்லை. அந்த ஜமைக்காப் பாடகர்களைப் போலத் தோள் வரைக்கும் சடை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் வயதான அம்மாக்கள் அவரைப் பழனிக்குப் போகிற சாமி என்று நினைத்துத் திருநீறு கேட்பார்கள். அதே சடையைப் பார்த்துச் செக்போஸ்ட்டில் கஞ்சா தேடி லாரி சீட்டுக்கடியில் கையை விடுவார்கள். இரண்டுக்கும் அவர் பொறுமையாக நிற்பார். பாட்டு என்பது மனுஷனை நேராக வைத்திருக்க வேண்டும், ஆடவைப்பது அப்புறம் என்பது அவர் கட்சி.

ஸ்டூடியோவில் என் முதலாளி, அவர் பேசியதை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏனுங் அம்மணி, ஊட்டிங்கன்னுதானே சொன்னீங்க. இவரு பேச்சு வேற மாதிரி இருக்குதுங்களே."

"எஸ்டேட் ஆளுங்க அப்படித்தானுங்க பேசுவாங்க" என்றேன், நான் எஸ்டேட் ஆள் இல்லாததுபோல. கோயம்புத்தூர்ப் பேச்சை நான் ஆறே மாதத்தில் பழகியிருந்தேன். எதையும் சீக்கிரம் பழகிக்கொள்வேன் என்பதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது.

பச்சைத் தேயிலை விலை விழுந்து எழாமலே கிடந்த வருடங்கள் அவை. சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள் பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று செடியை அப்படியே விட்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. வேலையும் மூன்று நாள். லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் மில் ஹாஸ்டலுக்கும் ஆள் சேர்க்கிற வேன் மாதத்துக்கு ஒருமுறை வந்து நின்றது. அண்ணனுடைய புது ஆல்பம் முழுக்க இதைப் பற்றித்தான். எட்டுப் பாட்டை ஸ்டூடியோவில் முடித்திருந்தோம். ஒன்பதாவதை எஸ்டேட்டிலேயே, கொழுந்து எடுக்கிற பெண்களை வைத்து எடுக்க வேண்டும் என்றார்.

"கடைசி வீட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் இந்த மாசக் கடைசியில திருப்பூர் போறாங்க. அதுக்கு முன்னால எடுத்துரணும். அஞ்சு கொரலும் ஒண்ணா இருக்கறப்பவே எடுத்துரணும்."

ஐந்து குரல் என்றால், அந்த அக்கா தங்கை, முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இப்போது கொழுந்து எடுக்கிற ஆயா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, என் அம்மா. பெரியம்மா எனக்கு உறவில்லை. லயத்தில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக் காம்பராவில் என் லேப்டாப்பை வைத்துப் பதிவு செய்தோம். வேலைக்குப் போகிற தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. குழந்தைகள் குறைந்து பூட்டிக் கிடந்தது. விட்டத்தில் தொட்டில் கொக்கிகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. தகரக் கூரை. மழை வந்தால் எல்லாம் கெடும் என்பதால் நான் அவசரப்பட்டேன்.

மைக்குக்கு முன்னால் நான் மாட்டிய வலையைப் பெரியம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். "என்னா புள்ள இது, தேயில சலிக்கிற சல்லட கணக்கா இருக்கு. தூளா வுழுவுமா இதுல?"

"தொடாதீங்க பெரியம்மா. கோடு போட்டிருக்கேன்ல, அதுக்குப் பின்னால நில்லுங்க."

"பாத்தீங்களாடி, நம்மள பெரட்டுக்கு நிறுத்துறா" என்றார் மற்றவர்களிடம். பெரட்டு என்பது காலையில் ஆளை எண்ணி வேலை பிரிக்கிற வரிசை. "வாங்க, வாங்க. பேரு கூப்புடாம விட்டுறப் போறா."

பாட்டு எளிமையானது. அண்ணன் கிட்டாரோடு ஒரு கேள்வி பாடுவார்: இந்த மலை யாருது? பெண்கள் பதில் சொல்ல வேண்டும்: மழையைக் கேளு. பிறகு, இந்த மண்ணு யாருது, இந்தக் கையி யாருது என்று கேள்வி மாறிக்கொண்டே போகும். பதில் மாறாது. பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு பதில். டிரம்மும் பேஸும் பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பதாகத் திட்டம்.

பாடத் தொடங்கியதும் ஐந்து பேருமே பிந்தினார்கள். அண்ணன் கேள்வியை முடித்தவுடன் வர வேண்டிய பதில், ஒரு வெற்றிடம் விட்டுத்தான் வந்தது. அந்த வெற்றிடத்தில் அவர்களுடைய வலது கைகள் தோளுக்கு மேல் போய்த் திரும்பின.

எனக்கு அது என்னவென்று தெரியும். நானே இரண்டு மே மாத லீவில் கொழுந்து எடுத்தவள். மலையில் பாடும்போது கேள்வி கேட்கிறவள் கேட்டுக்கொண்டே போவாள். மற்றவர்கள் கைநிறைந்த கொழுந்தைத் தோளுக்கு மேலே முதுகுக் கூடையில் எறிந்துவிட்டுத்தான் பதில் பாடுவார்கள். கை காலியான பிறகுதான் வாய். இன்று கூடையும் இல்லை, கொழுந்தும் இல்லை. கை மட்டும் போய் வந்தது.

நான் கையைத்தான் பார்த்தேன். ஹெட்போனில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது.

"கைய ஆட்டாமப் பாடுங்கம்மா. உரசுற சத்தம் வருது."

"ஆட்டாம எப்புடிடி பாடுறது?" என்றார் அம்மா.

"கட்டிக்கோங்க."

ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் இடைவெளி அப்படியே இருந்தது. ஒரே டேக்கில் முடிந்தது. அண்ணனுக்கு லாரி எடுக்கிற நேரமாகிவிட்டதால் போட்டுக் கேட்கவில்லை. "நல்லா வந்துருக்கு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒவ்வொரு பதிவுக்கும் நான் ஒரு நோட்டில் குறை எழுதி, சரிசெய்தவுடன் டிக் போடுவேன். அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது:

ஒன்று, மூன்றாம் பதிலில் இருமல்.
இரண்டு, ஐந்தாம் பதிலுக்குப் பின் யாரோ சிரிப்பு.
மூன்று, கை கட்டியும் சேலை உரசல்.
நான்கு, ஏழாம் பதிலில் பெரியம்மா தனியாக முந்துகிறார்.
ஐந்து, கோரஸ் தாமதம், எல்லா வரியிலும்.

ஐந்துக்கும் டிக் இருக்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். பன்னிரண்டு பதில்களில் மிகச் சுத்தமானது ஒன்பதாவது. அதை எடுத்து, முன்னும் பின்னும் மூச்சை வெட்டி, கேள்வி முடிந்த உடனே வருகிற இடத்தில் வைத்தேன். பிறகு அதையே நகலெடுத்துப் பன்னிரண்டு இடத்திலும் ஒட்டினேன். இது எங்கள் தொழிலில் தினமும் செய்கிற காரியம். பக்திப் பாட்டுகளில் கோரஸ் எல்லாம் அப்படித்தான். போட்டுக் கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்டூடியோ டிஸ்க்கில் இடம் நெருக்கடி என்பதால், வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவது என் வழக்கம். பாடியவர் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகு அழிக்க வேண்டும் என்பதுதான் விதி. அன்றைக்கு அந்த விதியை நான் பார்க்கவில்லை. இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் வரப்போகிறது என்று நினைத்தேன். ஸ்டூடியோவில் அழித்தேன், லேப்டாப்பிலும் அழித்தேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது, அந்தப் பாட்டை மெமரி கார்டில் போட்டு எடுத்துப் போனேன். ஆயாவின் போனில் கார்டைச் செருகி எல்லோரும் வாசலில் நின்று கேட்டார்கள்.

"நம்மளா இது?" என்றாள் தங்கைக்காரி. "ரேடியோவுல பாடுறவங்க மாதிரி இருக்கு."

"என் இருமல எங்க காணோம்?" என்றார் ஆயா.

"எடுத்துட்டேன்."

"சளியையும் எடுத்துருந்தீன்னா புண்ணியமாப் போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காக்காரி பாட்டைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள். பெரியம்மா மட்டும் போனைக் காதோடு வைத்து இரண்டாம் முறை கேட்டார். "சுருக்கா வருதே. நாங்க இப்புடியா பாடுனோம்?"

"நீங்க கொஞ்சம் பிந்திட்டீங்க பெரியம்மா. நான் சரி பண்ணிட்டேன்."

"பிந்திட்டமா" என்றார் அவர். நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது, ஆயாவின் போனை வாங்கிப்போன அவர் வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு மறுபடியும் கேட்டது.

புதன்கிழமை அண்ணன் ஸ்டூடியோவுக்கு வந்தார். டிரம் வாசிக்கிறவரும் வந்திருந்தார். பாட்டைப் போட்டேன். மூன்றாவது பதிலில் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அவங்க இப்புடிப் பாடலையே."

"பிந்தி வந்தாங்கண்ணே. முதல் தட்டுல கொண்டாந்து வச்சிருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. மேசையில் நான்கு தட்டுத் தட்டிக் காட்டினார். ரெகேவில் முதல் தட்டைக் காலியாக விடுவார்கள், டிரம் மூன்றாவதில் விழும். எனக்குத் தெரியாததல்ல. அவருடைய எட்டுப் பாட்டையும் மிக்ஸ் செய்தவள் நான்தான். "மத்த பாட்டெல்லாம் நான் அந்த கேசட்டுலேருந்து வாங்குன தாளம். இந்த ஒண்ணு அவங்க கையில ஏற்கெனவே இருந்துச்சு. கொழுந்த எறிஞ்சுட்டு வர்ற எடம்தான் மூணாவது தட்டு. அதுல டிரம்ம வுழ வைக்கணும்னுதான் இந்தப் பாட்டே. சரி, பழசப் போடு."

அந்த ஒட்டிய பதிலையே மூன்றாவது தட்டுக்கு நகர்த்திப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு இல்லை என்று தலையாட்டினார். "ஒரே ஆளு பன்னெண்டு தடவ பொய் சொல்ற மாதிரி இருக்கு. மொதல்ல எடுத்தது இருக்கும்ல, அதப் போடு."

"ஹார்ட் டிஸ்க் போயிருச்சுண்ணே" என்றேன்.

அப்படி ஒரு வாக்கியத்தை யோசித்து வைத்திருக்கவில்லை. படிப்பிலும் வேலையிலும் நான் தவறு செய்யாதவள் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு முந்திக்கொண்டு பேசிவிட்டது என்று ஒரு காலத்தில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேசியது நான்தான்.

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனால் உடனே என்னைத் தேற்றினார். "நீ என்ன பண்ணுவ தங்கச்சி, மெசின்தானே. வர்ற ஞாயித்துக்கெழமையே மறுபடி எடுத்துரலாம். அவங்க எல்லாரும் ஊருலதான் இருக்காங்க."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அவருக்குக் கூடலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் உண்டு. டிஸ்க்கைக் கொடு, அவனிடம் காட்டலாம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். "லேப்டாப்பும் சர்வீசுக்குப் போயிருக்குண்ணே. மூணு வாரம் ஆகும்" என்றேன். லேப்டாப் என் காலடியில் பைக்குள் இருந்தது.

மூன்று வாரத்துக்குள் மாதம் முடிந்தது. வேன் வந்து அக்கா தங்கை இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூர் போன எல்லோரும் வருவார்கள். அதுவரை அண்ணன் ஆல்பத்தை நிறுத்திவைத்தார். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வாரமும் போன் செய்து, பாட்டைப் பற்றிக் கேட்காமல், "லேப்டாப் சரியாச்சா தங்கச்சி? செலவு ரொம்ப ஆச்சா?" என்று மட்டும் கேட்பார்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை அதே பிள்ளைக் காம்பராவில் கூடினோம். நான் லேப்டாப்பை வெளியே எடுத்ததும், பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். மாரியம்மன் கோயில் திருநீறு. லேப்டாப் மூடியில் மூன்று விரலால் பட்டை இழுத்தார்.

"நம்ம பாட்டு மேல கண்ணு வுழுந்துருச்சுன்னு இவ சொல்லிக்கிட்டே இருந்தா" என்று ஆயாவைக் காட்டினார். ஆயா ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் நூலில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். அதை எங்கே கட்டுவது என்று தெரியாமல் மைக் ஸ்டாண்டில் கட்டினார். "பாவம், புள்ள வாங்கி ஒரு வருசம்கூட ஆவல. இனி கெடாது, வையி."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. கேபிளைச் செருகினேன்.

அண்ணன் கிட்டாரை மீட்டினார். இந்த மலை யாருது?

மழையைக் கேளு. உடனே வந்தது. கேள்வி முடிகிற நொடியில், ஐந்து பேரும் ஒரே வாயாக, முதல் தட்டில், ஒரு மயிரிழை பிசகாமல் வந்தது. ஒருவர் கையும் அசையவில்லை. அண்ணன் நிறுத்தினார்.

"முந்தி பாடுன மாதிரி பாடுங்க. கொஞ்சம் விட்டு."

"முந்திதான் பிந்திட்டமே" என்றாள் அக்காக்காரி. "இப்ப சரியா வருது பாருங்க. ஹாஸ்டல்ல எங்க ரூமே கேட்டு மனப்பாடம். நாங்க கை தட்டித் தட்டிப் பழகிருக்கோம்."

"நானும் அடுப்படியில நின்னு பழகுனேன்" என்றார் பெரியம்மா. "இந்தப் புள்ள படிச்ச புள்ள, அவ காட்டுன மாதிரியே வரணும்னுட்டு."

அண்ணன் மறுபடி முயன்றார். விட்டுப் பாடச் சொன்னால், ஆளுக்கு ஒரு அளவு விட்டார்கள். ஒருவர் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொழுந்து எறிகிற மாதிரி கையை வீசிப் பாடுங்கள் என்றார். ஆயா வீசிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்ப எங்க கையால எடுக்குறோம்? எல்லாருக்கும் கொழுந்து வெட்டுற கத்தரி குடுத்துட்டாங்கள்ல. வெட்டி வெட்டித் தட்டுல அள்ளுறதுதான்." நான்காம் முயற்சியில் யாருக்குமே சிரிப்பு வரவில்லை. பெரியம்மா உட்கார்ந்துவிட்டார்.

"எங்களாலதான் இந்தத் தம்பி பாட்டு நின்னு கெடக்கு. அன்னைக்கு ஒழுங்காப் பாடியிருந்தா அந்த மெசினாவது கெடாம இருந்துருக்குமோ என்னமோ."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுந்தேன்.

"மெசின் கெடல பெரியம்மா" என்றேன். "நான்தான் அழிச்சேன். நீங்க பாடுனத வெட்டி ஒட்டிட்டு, பழச நானே அழிச்சேன். அண்ணன் கேட்டப்ப பொய் சொன்னேன்."

"லேப்டாப்பு?" என்றார் ஆயா.

"அதுவும் கெடல."

ஆயா எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பெரியம்மாதான் கேட்டார். "அப்ப நாங்க பிந்தலயா?"

"இல்ல. நீங்க பாடுனதுதான் சரி. எனக்குத் தெரியும். நானும் கொழுந்து எடுத்தவதானே."

"தெரிஞ்சேதான் சொன்னியா, பிந்திட்டோம்னு."

தெரிந்தேதான் என்பது முழுக்க உண்மையில்லை. எனக்குத் தெரிந்ததை நான் அந்த மத்தியானம் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவரவில்லை என்பதுதான் உண்மை. வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், என் பேச்சை விட்டுவந்த மாதிரி. அதை அங்கே எப்படிச் சொல்வது?

"நல்லா படிச்ச போ" என்றார் பெரியம்மா. அம்மா தேத்தண்ணி குடித்த டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழாயடியில் அவர் அவற்றைக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அழிச்சது பரவாயில்ல தங்கச்சி. அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த ஞாயித்துக்கெழமையே மறுபடி எடுத்துருப்பேன். அப்ப அவங்க இதக் கேட்டுக் கேட்டுப் பழகல. அஞ்சு பேருமே இங்க இருந்தாங்க." லாரிப் பாதையைப் பார்த்தார். "உள்ள வா. அவங்களுக்கு இப்ப எப்புடி வருதோ அப்புடியே எடுத்துக்குவோம். திருப்பூர் பஸ்ஸு ரெண்டு மணிக்கு."

அப்படியே எடுத்தோம். டிரம்மை மாற்றிப் போட்டார்கள். பாட்டு நிமிர்ந்து ஊர்வலம் மாதிரி நடந்தது. அட்டையில் ஒலிப்பதிவு என்று என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். "யாரு செஞ்சதுன்னு இருக்கணும்ல" என்றார் அண்ணன். பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வரவில்லை.

வெளியீடு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. பெரியம்மாவும் அம்மாவும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பாட்டுக்கும் பையன்களும் பெண்களும் தலையாட்டினார்கள். ஒன்பதாவது வந்ததும் அரங்கமே சேர்ந்துகொண்டது. பதில் முதல் தட்டில் வந்ததால் எல்லோருக்கும் கைதட்ட வசதியாக இருந்தது. இரண்டாம் முறையும் போடச் சொன்னார்கள்.

கைதட்டலுக்கு நடுவே பெரியம்மா என் காதருகே குனிந்தார். அந்தக் காலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"மொதல்ல நாங்க பாடுனதக் கேட்டுருந்தா, இவங்க தட்டியிருப்பாங்களா?"

"தெரியல பெரியம்மா."

"தெரியலையா? தம்பி கிட்டார் வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. நாங்க பாடிக்கிட்டு இருந்தோம். ஒக்காந்து கேட்டவ நீ ஒருத்திதான்."

நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் அந்த முதல் பதிவை ஏழெட்டு முறையாவது கேட்டிருக்கிறேன். இருமல் எங்கே, சிரிப்பு எங்கே, உரசல் எங்கே என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியும். அது எப்படி இருந்தது என்று மட்டும் அவருக்குச் சொல்ல முடியவில்லை.